லேசா அழுத்துங்க டீச்சர்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்தை எப்படி நடத்தலாம் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். நியூரான் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் ஒரு நியூரான் வேலை செய்வதை என் காதால் கேட்டது சென்ற ஆண்டுதான். அதுவும் என்னுடைய கையிலிருந்தே கேட்டேன். அந்த அனுபவம் பாடத்தை நடத்தும் முறையை மாற்றியது. ஆறாம் வகுப்பில் நான் செய்த ஒரு தவறையும் காட்டிக் கொடுத்தது. இரண்டையும் சொல்கிறேன்.

சாக்பீஸ் நழுவியது

சென்ற ஆண்டு தொடக்கத்தில் என் வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போக ஆரம்பித்தன. முதலில் பொருட்படுத்தவில்லை. பிறகு எழுதிக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸ் நழுவியது. சாவியைத் திருப்புவது சிரமமானது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை லேசாக வற்றியிருப்பதை வீட்டில்தான் முதலில் கவனித்தார்கள். ஆசிரியருக்கு எழுதும் கை போனால் என்ன ஆகும் என்று பல இரவுகள் தூக்கமில்லை.

நரம்பியல் மருத்துவரிடம் போனேன். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிப்பது போல இருக்குமே, அங்கே ஓடும் அல்நர் நரம்பு அழுந்தியிருக்கலாம் என்றார். "மேசை மேல முழங்கையை ஊன்றி உட்காரும் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். விடைத்தாள் திருத்தும் எந்த ஆசிரியருக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை?

உறுதி செய்ய இரண்டு சோதனைகள். முதலாவது நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளப்பது. தோலின் மேல் சிறு மின்தூண்டல் கொடுத்து, தசை துடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். கையில் அந்த வேகம் சாதாரணமாக நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்கும். எனக்கு முன்கையில் சரியாக இருந்தது, முழங்கையைக் கடக்கும் இடத்தில் மட்டும் குறைந்தது. தூரத்தை இஞ்ச் டேப் வைத்துத்தான் அளந்தார்கள். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம். ஏழாம் வகுப்புக் கணக்கு என் கையிலேயே நடந்தது.

இரண்டாவது சோதனைக்குப் பெயர் எலக்ட்ரோமயோகிராம், சுருக்கமாக இ.எம்.ஜி. தசைக்குள் ஊசி வடிவில் ஒரு மின்வாயைச் செருகி, தசை உண்டாக்கும் மின்னழுத்தத்தைப் பதிவு செய்வது.

ஊசி மின்சாரம் பாய்ச்சுவதில்லை

இதைப் பற்றி நம் ஊரில் பெரிய பயம் இருக்கிறது. ஊசி வழியாகக் கரண்ட் வைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஊசி எதையும் பாய்ச்சுவதில்லை. தசையில் ஏற்கனவே இருப்பதை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். குத்தும் வலி உண்டு, ஷாக் கிடையாது.

ஊசியின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. குழல் போன்ற மெல்லிய ஊசி. அதன் நடுவே இன்னும் மெல்லிய கம்பி. இரண்டுக்கும் இடையே மின்காப்பு. கம்பியின் முனை ஊசி நுனியில் மட்டும் வெளியே தெரியும். ஆகவே அந்த நுனியைச் சுற்றிலும் உள்ள சில தசைநார்களின் சைகை மட்டும் தெளிவாகக் கிடைக்கும். இங்கிலாந்தின் எட்கர் அட்ரியனும் அமெரிக்காவின் டெட்லவ் பிராங்கும் 1929இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய அமைப்பு இது. அட்ரியன் 1932இல் ஷெரிங்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

அதற்கு முன்பு என்ன செய்தார்கள்? தவளைக் காலை வைத்து கால்வானி செய்த சோதனைகள் நமக்குத் தெரியும், அவை 1791இல் வெளியாயின. மனிதத் தசை சுருங்கும்போது மின்சாரம் உண்டாவதை 1849இல் பெர்லினில் டுபுவா ரேமோன் காட்டினார். இரு கைகளையும் உப்பு நீர்ப் பாத்திரங்களில் வைத்து, ஒரு கையை மட்டும் இறுக்கினால் கால்வனாமீட்டர் முள் அசைந்தது. தோல் தடையாக இருப்பதை உணர்ந்தவர், தோலைக் கொப்புளமாக்கி உரித்துவிட்டு மறுபடி செய்தார். முள் பல மடங்கு அதிகமாக அசைந்தது. தோலைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பதற்கு அவர் கொடுத்த விலை அது. இன்று ஓர் ஊசிக் குத்தோடு முடிந்துவிடுகிறது.

தகரக் கூரையில் தூறல்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தசையில் மருத்துவர் ஊசியைச் செருகினார். எதிரே திரை. பக்கத்தில் ஒலிபெருக்கி. "கையைத் தளர விடுங்க" என்றார்.

நலமான தசை ஓய்வில் இருந்தால் திரையில் நேர்கோடு இருக்க வேண்டும், ஒலி எதுவும் வரக்கூடாது. எனக்குத் தகரக் கூரையில் தூறல் விழுவது போல, அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் டிக் என்று கேட்டது. நரம்புத் தொடர்பு அறுந்த தசைநார்கள் தாமாகவே துடிக்கும் ஓசை அது. மருத்துவ நூல்களிலும் தகரக் கூரை மழை என்றுதான் இதை வர்ணிக்கிறார்கள். "நிறைய இல்ல. பெரும்பாலான நரம்பிழைகள் நல்லா இருக்கு. பயப்படாதீங்க" என்றார் மருத்துவர்.

பிறகு தன் விரலை என் ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்தில் வைத்து, "இப்ப அழுத்துங்க" என்றார். பயத்தில் முழு பலத்தோடு அழுத்தினேன். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒலிபெருக்கி இரைந்தது. திரை முழுவதும் கோடுகள்.

"இவ்வளவு வேணாம். லேசா அழுத்துங்க டீச்சர்."

குறைத்தேன். இரைச்சல் அடங்கியது. இன்னும் குறைத்தேன். டொக், டொக், டொக் என்று ஒரே மாதிரியான ஓசை, சீரான இடைவெளியில் வந்தது. திரையிலும் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது.

"இது ஒரே ஒரு நரம்புச் செல். உங்க தண்டுவடத்துல இருந்து பேசுது" என்றார்.

பாடத்தில் இங்கேதான் நிறுத்தி விளக்க வேண்டும். தண்டுவடத்தில் உள்ள ஓர் இயக்க நரம்புச் செல்லின் ஆக்சான் தசைக்குள் வந்து பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு தசைநாரைத் தொடுகிறது. அந்தச் செல் ஒருமுறை தூண்டப்பட்டால் அதன் கீழுள்ள தசைநார்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கும். இந்தத் தொகுதிக்கு இயக்க அலகு என்று பெயர். நுட்பமாக அசைய வேண்டிய கண் தசையில் ஓர் அலகுக்குப் பத்துப் பன்னிரண்டு தசைநார்கள்தான் இருக்கும். கெண்டைக்கால் தசையில் ஓர் அலகுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். நான் கேட்ட ஒவ்வொரு டொக்கும் ஓர் அலகின் ஒரு துடிப்பு. ஊசிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட் அளவில் இருக்கும். ஒரு டார்ச் செல் 1500 மில்லிவோல்ட் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அழுத்தத்தைக் கூட்டினால் என்ன நடக்கிறது? அந்த ஓர் அலகு இன்னும் வேகமாகத் துடிக்கிறது, கூடவே புதிய அலகுகளும் சேர்கின்றன. இந்த இரண்டு வழியில்தான் நம் பலம் கூடுகிறது. பென்சிலைப் பிடிப்பதற்கும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அந்த அறையில் எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்த ஒற்றை ஓசையை இன்னும் மெதுவாக்க முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. நிறுத்திப் பார்த்தேன், நின்றது. மறுபடி வரவழைத்தேன். விரல் அசைவதே கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படிச் செய்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காது கேட்டது, கை சரிசெய்துகொண்டது.

ஓசையால் கற்றவர்கள்

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்கு நேர்ந்ததை ஓர் ஆய்வாகவே ஒருவர் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் கனடாவின் உடற்கூறியல் பேராசிரியர் ஜான் பஸ்மஜியன். 1962இல் அவரும் ஸ்டெக்கோ என்பவரும் ஒரு புதிய மின்வாயை உருவாக்கினார்கள். தலைமுடியை விட மெல்லிய, காப்பிட்ட இரண்டு கம்பிகள். அவற்றை ஊசிக்குள் கோத்து, நுனிகளைக் கொக்கி போல மடக்கித் தசைக்குள் செலுத்துவார்கள். பிறகு ஊசியை மட்டும் உருவிவிடலாம். கம்பிகள் உள்ளேயே தங்கும், தசையைத் தாராளமாக அசைக்கலாம். வேலை முடிந்ததும் லேசாக இழுத்தால் கொக்கி நிமிர்ந்து வெளியே வந்துவிடும்.

அடுத்த ஆண்டு, 1963இல், சயின்ஸ் இதழில் அவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். கட்டைவிரலின் அடிச்சதையில் மின்வாயை வைத்து, தசையின் ஓசையை ஒலிபெருக்கியிலும் வடிவத்தைத் திரையிலும் அவரவருக்கே கேட்கவும் பார்க்கவும் கொடுத்தார். குறுகிய பயிற்சியிலேயே, பக்கத்து அலகுகளை அமைதிப்படுத்திவிட்டு ஒரே ஓர் இயக்க அலகை மட்டும் விருப்பப்படி இயக்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். சிலர் அந்த ஒற்றை அலகைக் கொண்டு முரசு உருட்டுவது போலத் தாளமே போட்டார்கள்.

தண்டுவடத்தில் உள்ள ஒரு செல்லைத் தனியாக இயக்க நமக்குப் பிறப்பிலேயே யாரும் கற்றுத் தரவில்லை. அப்படி ஒரு திறமை நமக்குள் இருப்பதே நமக்குத் தெரியாது. அவர்களுக்கு யாரும் விளக்கவுரை ஆற்றவுமில்லை. செய்த கணமே, செய்தது என்ன என்பது மட்டும் காதில் விழுந்தது. அது போதுமானதாக இருந்தது. இதே வழியைப் பின்னாளில் பக்கவாதத்தால் கால் துவண்டவர்களுக்கு நடைப் பயிற்சி தரவும் பஸ்மஜியன் பயன்படுத்தினார்.

ஒன்றிலிருந்து அளந்த பெண்

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

ஆறாம் வகுப்பில் அளவீடுகள் பாடம். பத்துப் பொருட்களின் நீளத்தை அளந்து எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவியின் பத்து விடைகளும் தவறு. பத்துக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, கீழே "கவனக்குறைவு" என்று எழுதினேன். வேலைப்பளுவில் அந்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்க எட்டு நாள் ஆனது. அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள், மூடி வைத்தாள். அதன் பிறகு வகுப்பில் அவள் கை தூக்குவது குறைந்தது. அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போது யோசித்தால்தான் தெரிகிறது.

பஸ்மஜியன் ஆய்வைப் படித்த வாரத்தில் அந்த நோட்டு என் கையில் மறுபடி வந்தது. இம்முறை பத்து விடைகளையும் சரியான விடைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மிகச் சரியாக ஒரு சென்டிமீட்டர் கூடுதல். பத்திலும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. அந்த வகுப்பிலேயே அவ்வளவு கவனமாக அளந்தவர் வேறு யாருமில்லை. அவளுக்குத்தான் நான் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன்.

கூப்பிட்டு அருகில் உட்கார வைத்து, என் பேனாவைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். ஸ்கேலின் 1 என்ற கோட்டில் பேனாவின் முனையை வைத்தாள்.

"ஏம்மா இங்க வைக்கிற?"

"எண்ணும்போது ஒண்ணுல இருந்துதானே மிஸ் ஆரம்பிப்போம்?"

எவ்வளவு நியாயமான காரணம்! நாம்தான் அவளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணக் கற்றுக்கொடுத்தோம். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அழிப்பான் துண்டைக் கொடுத்தேன். அளந்தாள். 2 என்று வந்தது. ஒரு நொடி பார்த்தாள். தானாகவே அழிப்பானை 0க்கு நகர்த்தினாள். "மிஸ், ரெண்டு கட்டம் இல்ல, ஒரு கட்டம்தான் இருக்கு" என்றாள். நான் விளக்க எதுவுமே மிச்சமில்லை.

எட்டு நாள் கழித்து வந்த என் பத்துப் பெருக்கல் குறிகள் செய்யாததை ஒரு அழிப்பான் துண்டு ஒரு நிமிடத்தில் செய்துவிட்டது. என் குறி அவளிடம் "தவறு" என்று மட்டும் சொன்னது. என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. கூடவே அவளைப் பற்றி ஒரு பொய்யையும் சொன்னது. அந்த ஒலிபெருக்கி என்னைத் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. நான் செய்ததை மட்டும், செய்த உடனே, எனக்குக் கேட்கும்படி சொன்னது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டு, "கவனக்குறைவு" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் "மிகக் கவனமாக அளந்திருக்கிறாய்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

நாற்பது பேர் வகுப்பில்

நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் பக்கத்திலும் எப்படி உட்காருவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு முழு விடை தெரியாது. நான் செய்து பார்க்கும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பத்துக் கணக்கு கொடுத்தால் முதல் கணக்கோடு எல்லாரையும் நிறுத்தச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவரோடு விடையை ஒப்பிட வேண்டும். விடை வேறுபட்டால் இருவரும் செய்துகாட்டிப் பேச வேண்டும். அதற்குள் நான் ஒரு சுற்று நடந்துவிடுவேன். தவறு ஒன்றோடு நிற்கும், பத்தாகப் பெருகாது.

இரண்டு, எல்லாரும் சேர்ந்து சொல்லும் விடையை நம்புவதைக் குறைத்திருக்கிறேன். முழு பலத்தோடு அழுத்தியபோது ஒலிபெருக்கியில் வந்த இரைச்சலில் எந்த அலகையும் தனியாகக் கேட்க முடியவில்லை. வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது மிஸ்" என்று கத்தும்போதும் அப்படித்தான். யாருக்குப் புரிந்தது என்று அதில் கேட்காது. ஒரு பாடவேளைக்கு நான்கைந்து பேரிடம் மெதுவாக, தனியாகக் கேட்கிறேன். வாரக் கடைசிக்குள் ஏறத்தாழ எல்லாரையும் தொட்டுவிடலாம்.

மூன்று, சிவப்பு மையில் குணத்தைப் பற்றி எழுதுவதில்லை. "0 எங்கே இருக்கிறது பார்" என்பது போல, செய்ததைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வளரறி மதிப்பீடு என்று நாம் பதிவேட்டில் எழுதுகிறோமே, அதன் பொருள் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். குழந்தை கற்றுக்கொண்டிருக்கும்போதே அதன் காதில் விழ வேண்டிய ஓசை அது. பதிவேட்டில் மதிப்பெண்ணாக மட்டும் ஏறினால் அந்தக் குழந்தைக்கு அது கேட்காது.

கட்டைவிரல் சோதனை

கடைசியாக, நரம்பு மண்டலப் பாடத்துக்கு ஒரு செயல்பாடு. ஊசி வேண்டாம், கருவி வேண்டாம். இப்போது எல்லாரும் இரண்டு கட்டைவிரல்களையும் காதுகளில் மெதுவாக வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். முழங்கைகள் எதன் மேலும் படாமல் இருக்கட்டும். மற்ற விரல்களை இறுக்கி முஷ்டி பிடியுங்கள். தொலைவில் லாரி ஓடுவது போல ஓர் உறுமல் கேட்கிறதா? தளர்த்துங்கள், குறையும். மறுபடி இறுக்குங்கள், கூடும். அது உங்கள் முன்கைத் தசை வேலை செய்யும் ஓசை. 1810இல் வெளியான கட்டுரையில் வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இதைக் கல் பாவிய தெருவில் ஓடும் வண்டிகளின் ஓசையோடு ஒப்பிட்டிருக்கிறார். மாணவர்களிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இது தசைநார்கள் அதிர்வதால் வரும் ஓசை. இ.எம்.ஜி. பதிவு செய்வது மின்னழுத்தத்தை. இரண்டுக்கும் தொடக்கம் தண்டுவடத்தில் உள்ள அந்த நரம்புச் செல்தான். மின்வாய்களையோ ஊசிகளையோ வைத்து வகுப்பில் எந்த முயற்சியும் வேண்டாம். அது பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை.

என் கையைப் பற்றிச் சிலர் விசாரித்தீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றுவதை நிறுத்தினேன். இரவில் முழங்கை மடங்காமல் இருக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். சில மாதங்களில் மரமரப்பு குறைந்தது, சாக்பீஸ் இப்போது நழுவுவதில்லை. விடைத்தாள் திருத்தும்போது நீங்களும் முழங்கையைக் கவனித்துக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போனால் தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த மாணவி இப்போது ஏழாம் வகுப்பு. போன வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவனுக்கு ஸ்கேல் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கதவருகே நின்று கேட்டேன். அவன் தவறாக வைத்திருந்தான். அவள் திருத்தவில்லை. பையிலிருந்து ஒரு சிறிய அழிப்பானை எடுத்து, "இதை அளந்து பாரு" என்று கொடுத்தாள்.